பொன்னியின் வம்சாவளி

காவிரியின் பெயரையே தன் பெயராகக் கொண்டிருப்பதனாலும், இரண்டு தலைமுறைகளாக நம் இலைகளில் நாள் தவறாமல் பரிமாறப்பட்டு வருவதனாலும், பொன்னி அரிசி என்பது சோழ நாட்டு வண்டலில் ஆதிகாலந்தொட்டு விளைந்து வந்த சுதேசிப் பயிர் என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணியிருக்கிறோம். ஆயினும் அதன் பூர்வோத்தரத்தை விசாரிக்கப் புகுந்தால், பெற்றோரில் ஒருவர் தைவான் தீவையும் மற்றவர் மலாய் நாட்டையும் சேர்ந்தவர் என்பதும், அவர்களுடைய விவாகம் இன்று ஒடிசா என வழங்கும் ஒரிஸாவில் மகாநதிக் கரையிலுள்ள கட்டாக் நகரத்தில் நடந்தது என்பதும், பிறந்த குழந்தை மலேயாவில் வளர்ந்து பெயர் பெற்று, பிறகே நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தது என்பதும் தெரிய வரும். விவசாய ஆராய்ச்சியில் சர்வதேச ஒத்துழைப்பு என்ற பெயரால் நடந்தேறிய காரியங்களைப் பற்றி எழுதுவோர் மகாநாடுகளையும் உடன்படிக்கைகளையும் ஸ்தாபனங்களின் வருஷாந்தர அறிக்கைகளையும் வரிசைப்படுத்திச் செல்வது வழக்கம். ஒரே ஒரு நெல்லின் வம்சாவளியைப் பின்பற்றிச் சென்றால் அந்த ஒத்துழைப்பின் மெய்யான ஸ்வரூபம் அவற்றைக் காட்டிலும் தெளிவாகப் புலப்படும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்தச் சரித்திரத்தைக் கோயம்புத்தூரிலிருந்து தொடங்குவதே பொருத்தம். அங்கே 1912-ஆம் ஆண்டில் நெல் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் நிறுவப்பட்டபோது, சென்னை மாகாண அரசாங்கத்தின் பொருளாதாரத் தாவரவியலாளர் பதவியில் இருந்தவர் எப். ஆர். பார்னெல் என்ற ஆங்கிலேயர். அவருடைய வழிகாட்டுதலில் பணிபுரிந்த இளைஞர்களில் ஒருவரே, பிற்காலத்தில் ஆசியா முழுவதும் நெல் ஆராய்ச்சியாளர்களால் மரியாதையுடன் நினைக்கப்பட்ட கே. ராமையா. உழவர்களின் வயல்களிலிருந்து கதிர்களைத் திரட்டி வந்து, ஒவ்வொரு கதிரையும் தனி வரிசையாக விதைத்து, அவற்றுள் சிறந்ததைப் பொறுக்கியெடுத்து, மறுபடியும் விதைத்துப் பார்ப்பதுதான் அக்காலத்துப் பணி. அதற்கு நுட்பமான கருவிகள் வேண்டியதில்லை, கூர்மையான கண்ணும் வருஷக்கணக்கான பொறுமையும் வேண்டும். அவ்வாறு கோணாமணி எனப்பட்ட ஆத்தூர்க் கிச்சிலிச் சம்பாவில் தானாகவே தோன்றிய ஒரு மாறுதலைக் கண்டு பிரித்தெடுத்து, 1921-இல் வெளியிட்டதே ஜி.இ.பி. 24 என்ற சன்ன ரக நெல். அதை உண்டவர்கள் அதன் சுவையை மறக்கவில்லை. அதைப் பயிரிட்டவர்கள் அது சாய்ந்து போவதையும் மறக்கவில்லை. இந்தக் கட்டுரையில் அந்த நெல்லை மீண்டும் மீண்டும் சந்திக்கப் போகிறோம்.

இரண்டாவது உலக யுத்தம் மூண்டு, 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானபோது, அதுவரை சென்னை மாகாணத்துக்கும் வங்காளத்துக்கும் இலங்கைக்கும் கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்த பர்மா அரிசி ஒரே நாளில் நின்று போனதுபோல் நின்று போயிற்று. அந்த ஆண்டிலேயே வங்காளத்து நெற்பயிரைச் செம்புள்ளி நோய் பீடித்தது, புயலும் அடித்தது, அரசாங்கத்தின் யுத்தகால நடவடிக்கைகளும் வியாபாரிகளின் பேராசையும் சேர்ந்துகொள்ள, 1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் இருபது லட்சத்துக்குக் குறையாமல் ஜனங்கள் மாண்டனர், முப்பது லட்சம் என்று கணிப்போரும் உண்டு. அந்த மகா நாசத்தின் நினைவு ஆறுவதற்கு முன்பே, 1946-இல், கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. கோயம்புத்தூரில் பயின்று, ‘சென்னை மாகாணத்தில் நெல்’ என்ற பொருள்பற்றி 1937-இலேயே நூல் வெளியிட்டிருந்த ராமையா அதன் முதல் தலைவரானார். நெல் ஆராய்ச்சி என்பது ஒரு மாகாணத்தின், ஒரு தேசத்தின் சொந்த விவகாரமாக இனி இருத்தலாகாது என்ற எண்ணம் அவருக்குப் பஞ்சத்தைப் பார்த்த பிறகு வலுப்பட்டிருக்க வேண்டும் என்று நான் ஊகிக்கிறேன். அவர் பிற்பாடு செய்த காரியங்கள் அந்த ஊகத்துக்கு இடமளிக்கின்றன.

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 1945-இல் பிறந்தது. அதன் ஆதரவில் அமைந்த சர்வதேச நெல் கமிஷன் 1949-இல் பாங்காக்கில் முதன்முறை கூடியது. அக்காலத்து நெல் விஞ்ஞானிகளை வாட்டிக்கொண்டிருந்த பிரச்னை இன்னதென்று விளங்கிக்கொண்டாலன்றி, ராமையா முன்வைத்த யோசனையின் அருமை விளங்காது. ஆசியாவில் பயிராகும் நெல்லை இண்டிகா, ஜப்பானிகா என்று இரு குலங்களாகக் காட்டோ என்ற ஜப்பானிய விஞ்ஞானி 1928-இல் வகைப்படுத்தியிருந்தார். உஷ்ணப் பிரதேசங்களின் இண்டிகா நெல் உயரமாய் வளர்வது. நீர் பெருகினாலும் களை மண்டினாலும் தாங்குவது. ஆனால் அம்மோனியம் சல்பேட் போன்ற உரத்தை இட்டால், தழைத்துத் தழைத்து, கதிர் முற்றுவதற்குள் சாய்ந்து சேற்றில் படுத்துவிடும். குளிர்ந்த நாட்டு ஜப்பானிகாவோ குட்டையானது. இட்ட உரத்தையெல்லாம் மணியாக்கித் தருவது. எனினும் அதன் சோறு குழைந்து ஒட்டும், உதிரி உதிரியாக வேண்டும் நம்மவர்க்கு அது உகந்ததன்று. மேலும் நம் நாட்டு வெயிலிலும் பகற்பொழுதின் அளவிலும் அது காலத்துக்கு முன்பே பூத்துச் சோர்ந்து போகும். இவ்விரண்டின் நற்குணங்களையும் ஒரே பயிரில் சேர்க்க முடியுமானால் உரத்துக்கேற்ற விளைச்சலும் நாவுக்கேற்ற சோறும் ஒருங்கே கிட்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அவ்விரு குலங்களையும் கலந்தால் பிறக்கும் சந்ததியில் பெரும்பகுதி பதராகிவிடுகிறது. அந்த மலட்டுத்தன்மையைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து நீக்கியாக வேண்டும். அதற்கு ஏராளமான கலப்புகளும் விஸ்தாரமான வயல்களும் பல தேசத்து மண்ணும் வேண்டும். எந்த ஒரு நாட்டாலும் தனித்துச் செய்ய இயலாத காரியம் அது.

ஆகவே, ஆசியாவின் நெல் விளையும் நாடுகள் எல்லாம் தத்தம் சிறந்த இண்டிகா ரகங்களின் விதைகளைக் கட்டாக்குக்கு அனுப்புவது, அங்கே ஜப்பானிலிருந்து வருவித்த ஜப்பானிகா ரகங்களோடு அவற்றைக் கலப்பது, கலப்பில் விளைந்த விதைகளை அந்தந்த நாட்டுக்கே திருப்பியனுப்புவது, அங்கங்கே உள்ள விஞ்ஞானிகள் தம் மண்ணுக்கும் பருவத்துக்கும் பொருந்தியவற்றைத் தேர்ந்துகொள்வது என்று ராமையாவின் யோசனைப்படி ஒரு திட்டம் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வகுக்கப்பட்டது. கலப்புச் செய்வது எத்தகைய வேலை என்பதை, வயலில் நெல் பூப்பதைப் பார்த்தவர்கள் ஒருவாறு உணர்வார்கள். நெற்பூ முற்பகலில் சிறிது நேரமே திறந்திருக்கும். ஒவ்வொரு பூவிலும் மகரந்தப் பைகள் ஆறு. பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும் ஸ்வபாவமுடையதாதலால், அது திறக்கும் முன்னரே அந்த ஆறு பைகளையும் நீக்கிவிட்டு, வேற்று ரகத்தின் மகரந்தத்தைத் தூவி, பிற மகரந்தம் படாமல் உறையிட்டு மூடிக் காக்க வேண்டும். இவ்வளவு பிரயாசைக்குப் பின் ஒரு கதிரில் சில மணிகள் கிடைத்தால் அதுவே பாக்கியம். கட்டாக்கில் இப்படி நூற்றுக்கணக்கான கலப்புகள் செய்யப்பட்டன. கும்பகோணத்தில் பிறந்து, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆராய்ச்சி முடித்துத் திரும்பிய எம். எஸ். சுவாமிநாதன் 1954-இல் முதன்முதலாக நெல்லில் கை வைத்ததும் இந்தத் திட்டத்திலேதான் என்பது இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது.

கட்டாக்கில் பயன்பட்ட ஜப்பானிகா ரகங்களில் ஒன்று தைச்சுங் 65. அதன் பிறப்பிலே ஒரு துயரமும் கலந்திருக்கிறது. தைவான் தீவு ஜப்பானிய சாம்ராஜ்யத்தின் குடியேற்ற நாடாக இருந்த காலத்தில், 1918-இல் ஜப்பானிய நகரங்களில் அரிசி விலை உயர்வால் கலகங்கள் மூண்டன. அதன் பின் தம் ஜனங்களுக்கு வேண்டிய அரிசியைத் தைவானிலும் கொரியாவிலும் விளைவித்துக்கொள்ள ஜப்பானிய அரசாங்கம் முனைந்தது. ஐசோ எய்கிச்சி முதலிய விஞ்ஞானிகள் தைவானின் உஷ்ணத்திலும் விளையக்கூடிய ஜப்பானிய நெல்லை உண்டாக்க உழைத்தார்கள். கமேஜி, ஷின்ரிக்கி என்ற இரு ஜப்பானிய ரகங்களின் கலப்பில் 1920-களில் பிறந்தது தைச்சுங் 65. பகற்பொழுது குறைவதற்கும் கூடுவதற்கும் காத்திராமல், நாள் கணக்கில் பூக்கும் குணம் அதற்கு இருந்தது. ஆண்டானின் வீட்டுக்கு அரிசி அனுப்புவதற்காக ஓர் அடிமை நாட்டில் உண்டாக்கப்பட்ட அந்த நெல், கால் நூற்றாண்டுக்குப் பின், சுதந்தரம் பெற்ற மற்றொரு நாட்டின் நிலையத்தில், எவருடைய லாபத்தையும் கருதாத ஒரு பொதுக் காரியத்துக்குப் பயன்பட்டது. விதைக்கு அரசியல் தெரியாது. ஆனால் விதையைக் கையாளும் மனிதர்களின் நோக்கம் மாறும்போது அதே விதையின் பலனும் மாறிவிடுகிறது.

திட்டத்தின் பலாபலனைக் கணக்கிட்டவர்கள் ஏமாற்றமே அடைந்தார்கள். அத்தனை கலப்புகளிலும் உழவர் வயலில் நிலைத்து நின்ற ரகங்கள் நான்கே: மலேயாவில் மலிஞ்ஜா, மசூரி, ஆஸ்திரேலியாவில் சர்க்னா, நம் ஆடுதுறையில் ஏ.டி.டி. 27. பல ஆண்டு உழைப்புக்கு இவ்வளவுதானா என்று அக்காலத்தில் கேட்டோர் பலர். பின்னாலிருந்து பார்க்கும் நமக்கு அந்தக் கேள்விக்கு வேறு விடை தோன்றுகிறது.

ஏ.டி.டி. 27 நோரின் 10 என்ற ஜப்பானிய நெல்லும் கோயம்புத்தூரின் ஜி.இ.பி. 24-ம் கலந்து பிறந்தது. (நோரின் 10 என்ற பெயரிலேயே ஒரு கோதுமையும் உண்டு, மெக்ஸிகோவின் குட்டைக் கோதுமைகளுக்கு மூலமான அது வேறு, இது வேறு.) ஆடுதுறை நிலையம் 1922 முதல் தஞ்சை டெல்டாவின் நெல்லுக்காகவே பணிபுரிந்து வருவது. மேட்டூர் அணை ஜூனில் திறந்து, தண்ணீர் வயலை எட்டியபின் நட்டு, வடகிழக்குப் பருவமழைக்கு முன் அறுத்தாக வேண்டிய குறுவைக்கு, 105 நாளில் முதிரும் ஏ.டி.டி. 27 மிகப் பொருத்தமாக அமைந்தது. ஃபோர்டு பவுண்டேஷன் உதவியுடன் இந்திய அரசாங்கம் 1960-ஐ ஒட்டித் தொடங்கிய தீவிர விவசாய அபிவிருத்தித் திட்டத்தில் தஞ்சை ஜில்லா முதன்முதலிலேயே சேர்க்கப்பட்டிருந்ததால், விதையும் உரமும் கடனும் கூட்டுறவுச் சங்கங்களின் வழியே கிராமங்களுக்கு விரைவில் சென்றன. 1965-ஐ ஒட்டி வெளியான அந்த நெல் ஓரிரு ஆண்டுகளில் டெல்டாவெங்கும் பரவியது. அறுவடை மழையில் அகப்பட்டு, களத்தில் குவித்த ஈரநெல் முளைவிட்டுப் போகும் தொல்லையும் உடன் வந்தது. ஈரநெல்லைக் காக்கும் வழி காண்பதற்கென்றே திருவாரூரின் நவீன அரிசி ஆலையில் 1967-இல் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்க வேண்டியதாயிற்று. ஒரு விதை வயலில் செய்யும் மாறுதல் வயலோடு நிற்பதில்லை.

இனி மலேயாவுக்குச் செல்வோம். மாயாங் எபோஸ் 80 என்பது மலாய் உழவர்களின் நெல்லிலிருந்து தேர்ந்த ஒரு ரகம். அது கட்டாக்குக்குப் பயணப்பட்டு, தைச்சுங் 65-உடன் கலந்து, அந்தச் சந்ததி மறுபடியும் மாயாங் எபோஸுடனேயே கலக்கப்பட்டு, விதைகள் மலேயாவுக்குத் திரும்பின. அவற்றைத் தலைமுறை தலைமுறையாக விதைத்துத் தேர்ந்தெடுக்கும் பணியை அங்கே மேற்கொண்டவர்கள், ஆசிய நாடுகளுக்கு உதவுவதற்கென அமைந்த கொழும்புத் திட்டத்தின் கீழ் ஜப்பானிலிருந்து வந்த நெல் விஞ்ஞானிகள். இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஜப்பான் அத்திட்டத்தில் சேர்ந்தது 1954-இல். ஜப்பானியப் படை மலேயாவை ஆக்கிரமித்து, பட்டினியும் சயாம் மரண ரயில் பாதையுமாகத் தமிழர் உள்ளிட்ட அந்நாட்டு ஜனங்களை வதைத்துச் சென்று பத்து ஆண்டுகள்கூட அப்போது நிறைந்திருக்கவில்லை. மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த அந்நாட்டவரின் வயல்களில், அதே தேசத்திலிருந்து வந்த வேறு சிலர் முழங்கால் சேற்றில் நின்று நெற்கதிர்களைத் தேர்ந்துகொண்டிருந்தார்கள் என்பதை நினைக்கும்போது, யுத்த நஷ்ட ஈடாகக் கொடுக்கும் பணத்தைக் காட்டிலும் இத்தகைய சேவையே உயர்ந்த பிராயச்சித்தம் என்று சொல்லத் தோன்றுகிறது.

அவ்வாறு 1964-இல் மலிஞ்ஜாவும் 1965-இல் மசூரியும் வெளியிடப்பட்டன. மலேயா, இந்தியா, ஜப்பான் என்ற மூன்று நாடுகளின் பெயர்களிலிருந்து எழுத்துகளை எடுத்து முன்னதற்குப் பெயர் அமைத்தார்கள். பின்னதற்கு லங்காவித் தீவின் கதைகளில் வரும், பொய்ப்பழி சுமத்தப்பட்டு மாண்ட பெண்ணின் பெயரை இட்டார்கள். வருஷத்தில் ஒரு போகமே விளைந்து வந்த மலாய் நாட்டு வயல்களில் இரண்டாம் போகம் எடுக்க வேண்டுமானால், பகற்பொழுதை எதிர்பாராமல் பூக்கும் நெல் தேவை. தைச்சுங் 65 அந்தக் குணத்தைத் தந்தது. சன்னமான மணியும், வெந்தால் உதிரும் சோறும் மாயாங் எபோஸின் கொடை.

மசூரி இந்தியாவுக்கு வந்த விதம், விஞ்ஞானிகளுக்கும் உழவர்களுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றிய ஒரு பாடமாகவே எனக்குத் தோன்றுகிறது. 1960-களின் பிற்பகுதியில் ஆந்திரத்தில் அதைப் பரிசோதனைத் திடல்களில் பயிரிட்டுப் பார்த்தபோது, உயரமாய் வளர்ந்து சாய்கிறது என்று ஒதுக்கிவிட்டார்கள். குட்டை ரகங்களே கதி என்று எங்கும் பேசப்பட்ட காலம் அது. ஆனால் அத்திடலில் கூலி வேலை செய்த ஒருவர் கொஞ்சம் விதையைக் கொண்டு போனார் என்றும், அது வயலுக்கு வயல் கைமாறி, எந்த இலாகாவின் சிபாரிசும் இல்லாமல் ஆந்திரம் முழுவதும் பரவியது என்றும் விவசாய விஞ்ஞானிகளே பதிவு செய்திருக்கிறார்கள். அதிக உரம் வாங்க வசதியில்லாதவனுக்கும் சுமாரான விளைச்சலை நிச்சயமாகத் தந்தது. மாட்டுக்கு வைக்கோல் மிகுதியாகக் கொடுத்தது. சந்தையில் சன்ன அரிசியின் விலை கிடைத்தது. இந்த மூன்றையும் திடலில் இருந்தவர்களின் தராசு நிறுக்கவில்லை. உழவனின் தராசு நிறுத்தது. அங்கிருந்து அது கிழக்கும் வடக்குமாகச் சென்றது. நேபாளத் தராயில் மசூலி என்றானது. கிழக்குப் பாகிஸ்தானில், பாகிஸ்தான், ஜப்பான், மலேசியா என்ற பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் பாஜம் என்றழைக்கப்பட்டு, தேசத்தின் பெயர் பங்களாதேஷ் என்று மாறிய பின்னும் அப்பெயராலேயே நிலைத்தது. பர்மாவில் அதன் வழித்தோன்றல் மனோதுக்கா என்ற பெயரில் பெருவாரியாகப் பயிராயிற்று. தமிழ்நாட்டில் அதற்குப் பொன்னி என்ற பெயர் வாய்த்தது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த வெள்ளைப் பொன்னியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-இல் வெளியிட்டது.

அதே 1986-இல் ஆந்திரத்துப் பாபட்லாவிலிருந்து வெளியான பி.பி.டி. 5204-இன் வம்சாவளி இன்னும் வியப்புக்குரியது. சம்பா மசூரி என்றும், நம் கடைகளில் ஆந்திராப் பொன்னி என்றும் வழங்கும் அந்த நெல்லுக்கு ஒரு பாட்டன் கோயம்புத்தூரின் ஜி.இ.பி. 24, மற்றொரு பாட்டன், உலகின் அரைக்குட்டை நெல்களுக்கெல்லாம் முன்னோடியான தைவானின் தைச்சுங் நேட்டிவ் 1, பெற்றோரில் ஒருவர் மசூரி. 1921-இல் கொங்கு நாட்டில் ஒரு கதிரைத் தனியே பிரித்தெடுத்த கைகளின் உழைப்பு, அறுபத்தைந்து ஆண்டு கழித்து, மூன்று தேசங்களைச் சுற்றி வந்த வேறு உழைப்புகளோடு அங்கே ஒன்றுகூடியது.

பிலிப்பைன்ஸின் லாஸ் பானியோஸில் ஃபோர்டு, ராக்பெல்லர் பவுண்டேஷன்களின் உதவியால் 1960-இல் நிறுவப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. அங்கிருந்து 1966-இல் வெளியான ஐ.ஆர். 8-இன் புகழும் யாவரும் அறிந்ததே. நம் கதைக்கு வேண்டியது ஒன்றுண்டு. ஐ.ஆர். 8-இன் தாயான பெட்டா ஜாவாவில் பிறந்தது. பெட்டாவின் பெற்றோரில் ஒருவர் வங்காளத்து லதிசைல். 1969-இல் வெளியாகித் தமிழ்நாட்டில் பல்லாண்டு நிலைபெற்ற ஐ.ஆர். 20-க்குத் தண்டு துளைப்பானைத் தாங்கும் சக்தியை அளித்தது, நம் திரூர்க்குப்பம் நிலையத்தில் உருவான டி.கே.எம். 6, அதன் பெற்றோரில் ஒருவர், மறுபடியும், ஜி.இ.பி. 24. அந்நிய நாட்டு விதை என்று நாம் ஏற்றதும் பழித்ததுமான நெல்லுக்குள்ளே நம்முடைய விதையே போய் வந்திருந்தது. நாம் கொடுத்ததற்கு அவர்கள் விலை கொடுக்கவில்லை. அவர்கள் கொடுத்ததற்கு நாமும் விலை கொடுக்கவில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, இந்த விதைகள் கிராமங்களில் யாருக்கு என்ன செய்தன என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஏ.டி.டி. 27-ம் ஐ.ஆர். ரகங்களும் தஞ்சையின் களத்துமேடுகளை நிறைத்த அதே ஆண்டுகளில், அந்த நெல்லை நட்டும் அறுத்தும் கொடுத்த பண்ணையாட்கள், விளைச்சல் கூடியதற்கேற்பத் தங்கள் கூலியிலும் சிறிது நெல் கூட்டித் தர வேண்டும் என்று சங்கம் வைத்துக் கேட்டார்கள். அந்தக் கோரிக்கையைச் சூழ்ந்து வளர்ந்த பகையின் முடிவில், 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, கீழ்வெண்மணியில் பெண்களும் குழந்தைகளுமாக 44 தாழ்த்தப்பட்ட மக்கள் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். தேசங்களுக்கிடையே தாராளமாகக் கைமாறிய விதையின் பலன், ஒரே கிராமத்தின் இரண்டு தெருக்களுக்கிடையே கைமாற மறுத்தது. நெல்லை ஆராய்ந்தவர்கள் மேல் இந்தக் குற்றத்தைச் சுமத்துவது தகாது. ஆனால் கிராம அபிவிருத்தி என்ற சொல்லை எழுதும் எவரும் வெண்மணியை நினைக்காமல் எழுதுவது அதனினும் தகாது.

மற்றொரு நஷ்டமும் உண்டு. ஒரு தாலுகாவில் டஜன் கணக்கில் இருந்த பாரம்பரிய நெல் வகைகள் மறைந்து, இரண்டு மூன்று ரகங்களே கண்ணுக்கெட்டிய தூரம் வரை பயிராயின. அப்படி ஒரே ரகம் பரவிய இடத்தில் புகையானும் பாக்டீரியா இலைக்கருகலும் எளிதில் பரவின. பொன்னியும் சம்பா மசூரியும் இவற்றுக்கு எளிதில் இரையாகக்கூடியவை. காட்டுயானமும் மாப்பிள்ளைச் சம்பாவும் கவுனியும் பெயரளவில் மிஞ்சியிருந்த நிலையில், திருத்துறைப்பூண்டியைச் சேர்ந்த நெல் ஜெயராமன் ஊர் ஊராகச் சென்று 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளைத் தேடித் திரட்டி, ஆதிரங்கத்தில் ஆண்டுதோறும் விழா நடத்தி, வாங்கிச் செல்பவர் மறு ஆண்டில் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும் என்ற ஏற்பாட்டோடு உழவர்களுக்கு விநியோகித்தார். அவர் 2018-இல் காலமானார். லாஸ் பானியோஸின் விதைக் களஞ்சியத்தில் 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் அதிகமான நெல் மாதிரிகள் குளிரில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் களஞ்சியமும் அவசியம், ஆதிரங்கத்து விழாவும் அவசியம். குளிரில் உறங்கும் விதை அழியாமல் இருக்கும், வயலில் விதைக்கப்படும் விதையோ மண்ணோடும் நோயோடும் பழகிக்கொண்டே இருக்கும்.

கட்டாக்கின் காலத்தில் விதை கேட்டவருக்கு விதை கிடைத்தது. கடிதம் ஒன்றே போதும். 1992-இல் ரியோவில் கையெழுத்தான உயிரினப் பன்மை உடன்படிக்கை, ஒவ்வொரு நாட்டிலும் உள்ள உயிர்ச்செல்வம் அந்நாட்டின் ஆதிக்கத்துக்கு உட்பட்டது என்று கூறியது. ஏழை நாடுகளின் விதைகளைக் கொண்டு செல்வந்த நாடுகளின் கம்பெனிகள் காப்புரிமை பெற்றுக்கொண்டிருந்த அநீதிக்கு அது நியாயமான பதிலே. ஆயினும் அதன் விளைவாக ஆராய்ச்சியாளர்களுக்கிடையே விதை போய் வருவதும் தடைப்பட்டது. அதைச் சரிசெய்ய ரோமில் 2001-இல் உருவாகி 2004-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை, நெல் முதலிய முக்கிய உணவுப் பயிர்களுக்கு ஒரு பொது வழியைத் திறந்து வைத்தது. விதையைச் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும் உழவனுக்குள்ள உரிமையை இந்தியாவும் 2001-இல் சட்டமாக்கியது. இருந்தும், மலேசியாவிலிருந்து வந்த நெல்லின் வழித்தோன்றலான பொன்னியின் பெயரை, அதே மலேசியாவில் ஒரு வியாபார நிறுவனம் தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொள்ள, அதை எதிர்த்து இந்தியாவின் ஏற்றுமதி அமைப்பு அந்நாட்டு நீதிமன்றத்தை அணுக நேர்ந்தது. ராமையாவும் அவர் காலத்தவரும் கனவிலும் எதிர்பார்த்திராத வழக்கு அது.

ஆனாலும் பழைய வழி முற்றிலும் அடைபட்டுப் போகவில்லை. இலைக்கருகலைத் தாங்கும்படி ஹைதராபாத்தின் இரண்டு நிலையங்கள் சேர்ந்து சம்பா மசூரியைத் திருத்தியமைத்தபோது, அதில் புகுத்திய பண்புகளில் ஒன்று, ஆப்பிரிக்காவில் மாலி தேசத்துக் காட்டு நெல்லிலிருந்து லாஸ் பானியோஸில் விஞ்ஞானி குர்தேவ் குஷ் முதலியோரின் உழைப்பால் பிரித்தெடுக்கப்பட்டது. மசூரியின் மற்றொரு வாரிசு, ஆந்திரத்து மாருடேருவில் பிறந்த ஸ்வர்ணா. கிழக்கு இந்தியாவின் மழைநம்பிய வயல்களில் அதுவே பெருவாரியாகப் பயிரானது. வெள்ளம் வந்து ஒரு வாரத்துக்கு மேல் நின்றால் அது அழுகிப் போகும். இதற்கு மருந்து ஒரிஸாவிலேயே இருந்தது. அங்குள்ள பழைய நெல் வகையிலிருந்து தேர்ந்த எஃப்.ஆர். 13ஏ, இரண்டு வாரம் நீரில் மூழ்கிக் கிடந்தாலும், வளர்வதை நிறுத்திச் சக்தியைச் சேமித்துவைத்து, வெள்ளம் வடிந்ததும் மறுபடியும் துளிர்க்கும். அந்தக் குணத்துக்குக் காரணமான மரபணுவைக் கலிபோர்னியாவிலும் லாஸ் பானியோஸிலும் ஆராய்ந்து கண்டார்கள். அது ஸ்வர்ணாவில் சேர்க்கப்பட்டு, 2009-இல் ஸ்வர்ணா சப்-1 என்ற பெயருடன் இந்திய உழவர்களுக்கு அளிக்கப்பட்டது. அது ஒரிஸாவின் கிராமங்களில் எவ்வாறு விளைகிறது என்று ஆராய்ந்தவர்கள் 2013-இல் வெளியிட்ட முடிவுகளில், வெள்ளத்தால் வரும் நஷ்டம் குறைகிறது என்பதோடு வேறொன்றும் இருந்தது. அந்த நெல்லால் அதிகப் பயன் அடையக்கூடியவர்கள் தாழ்த்தப்பட்ட வகுப்பினரே. மேட்டு நிலங்கள் தலைமுறைகளாகப் பிறர் கையில் இருந்ததனால், ஆற்றங்கரையின் பள்ளமான, வெள்ளம் முதலில் ஏறி நெடுநாள் நிற்கும் நிலங்களே அவர்கள் பங்குக்கு விழுந்திருந்தன. வெள்ளத்தைத் தாங்கும் நெல் மற்றவர்களின் வயலைக் காட்டிலும் அவர்களுடைய வயலிலேயே அதிகம் விளைந்து கொடுத்தது.